200 கிலோபைட் கணக்கு



2017-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் கைவைத்தது. உறுப்பினர் ஆகாதவர்கள் முதலில் பார்க்கும் பக்கம் அது. ஒரு அறிமுகம், சேர்வதற்கு ஒரு பொத்தான், அதற்குமேல் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன வேலைக்கும் பார்வையாளரின் பிரவுசரில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு முழுதாக இறங்கிக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் அதை எடுத்துவிட்டு, தேவையானதை வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார்கள். சுமையில் 200 கிலோபைட் குறைந்தது. பக்கம் தட்டினால் வேலை செய்யும் நிலைக்கு வர எடுத்த நேரம் பாதியானது.

இதனால் நெட்ஃபிளிக்ஸ் ரியாக்டைக் கைவிட்டதாக அர்த்தமில்லை. சர்வரில் பக்கத்தைத் தயாரிக்க அதே ரியாக்ட்தான். பார்வையாளர் முகப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கங்களுக்கான ரியாக்ட் பின்னணியில் வந்துவிடும். எங்கே தேவையோ அங்கே மட்டும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

அப்படியானால் இந்தக் கட்டமைப்புகள் எதற்கு? ஓர் இணையக் கடையில் ஒரு சட்டையைக் கூடையில் போடுகிறோம். மேலே எண்ணிக்கை மாற வேண்டும், பக்கவாட்டில் மொத்த விலை மாற வேண்டும், கீழே டெலிவரி கட்டணம் மாற வேண்டும். ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்ட ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் காலத்தில், இந்த மூன்று இடங்களையும் தேடிப்பிடித்து மாற்றும் பொறுப்பு புரோகிராமருடையது. ஒன்றை மறந்தால் மேலே 3 சட்டை, பக்கவாட்டில் 2 சட்டைக்கு விலை! ஃபேஸ்புக் பொறியாளர் ஜோர்டன் வாக் உருவாக்கி, 2013-இல் பொதுவெளிக்கு வந்த ரியாக்ட் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. தரவை மாற்றினால் போதும், அதைச் சார்ந்த திரைப் பகுதிகள் தாமாக மாறிவிடும். 2014-இல் இவான் யூ வியூ என்ற கட்டமைப்பைக் கொண்டுவந்தார். 2016-இல் ரிச் ஹாரிஸ் தந்த ஸ்வெல்ட், இந்த வேலையில் பெரும்பகுதியைப் பிரவுசருக்குப் போகும் முன்பே முடித்துவிடுகிறது.

ஆனால் கட்டமைப்பைக் கொண்டுவந்தால் அதன் பராமரிப்பும் கூடவே வரும். கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் மென்பொருள் எழுதின. 2016-இல் வந்த ஆங்குலர் 2 அடியோடு புதிதாக எழுதப்பட்டது. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. 2021 டிசம்பர் 31-உடன் பழையதற்கான ஆதரவும் முடிந்தது.

பிறர் எழுதிய சின்னத் துணுக்கும் சில நேரம் காலை வாரிவிடும். 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் கோபமுற்ற புரோகிராமர் ஒருவர், என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து தன் தொகுப்புகளை எல்லாம் நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். வெறும் 11 வரி. 5 என்ற எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 005 ஆக்குவது போன்ற வேலைதான் அதற்கு. அது மறைந்ததும் அதைச் சார்ந்திருந்த பெரிய பெரிய திட்டங்களின் பில்டுகள் வரிசையாக நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டது. அடுத்த ஆண்டே அதே வசதி பேட்ஸ்டார்ட் என்ற பெயரில் ஜாவாஸ்கிரிப்டிலேயே வந்துவிட்டது.

பாதுகாப்புச் செய்தி ஒன்று. 2025 டிசம்பரில் ரியாக்ட் 19-இன் சர்வர் காம்பொனன்ட்ஸ் என்ற, சர்வரில் ஓடும் வசதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. லாகின் செய்யாத ஒருவர்கூட சர்வரில் தன் நிரலை ஓட்டலாம் என்பதால் அதன் தீவிரத்துக்கு 10-க்கு 10 கொடுத்தார்கள். அந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் ரியாக்டையும், அதன் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் போன்ற கட்டமைப்பையும் திருத்தப்பட்ட பதிப்புக்கு உடனே மாற்ற வேண்டும். பிரவுசரில் மட்டும் ரியாக்ட் ஓடும் தளங்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

இனி சில குறிப்புகள். தளத்தை அலுவலக வைஃபையில் மட்டும் சோதிக்காமல், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் திறந்து பாருங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் இணைய வேகத்தைக் குறைத்தும் பார்க்கலாம். தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலை நிரலோடு சேர்த்தே வையுங்கள். அப்போதுதான் குழுவில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கும். தொகுப்புகளில் உள்ள ஓட்டைகளைக் காட்டும் என்பிஎம் ஆடிட் கட்டளையை அவ்வப்போது ஓட்டுங்கள்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று. பழைய வீடியோ பாடங்கள் பலவும் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியில்தான் தொடங்கும். புதிய செயலிகளுக்கு அது வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. அதற்குப் பதிலாக வீட் என்ற கருவியில் தொடங்கலாம்.