மிச்சம் எவ்வளவு இருக்கும்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஏன் மூணு வாரமா ஆளையே காணோம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் எங்க மாமா. அம்மாவோட அண்ணன், சேலையூர்ல இருக்காரு, வயசு 58. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி கல்லீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்துச்சு. இந்த மாசம் மறுபடியும் ஆஸ்பத்திரி. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசறேன். "பேரை மட்டும் சொல்லாதடா"ன்னாரு.

மாமா குடிக்க மாட்டாரு. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா விஷயம் தெரிஞ்சதும் தெருவே அதைத்தான் கேட்டுச்சு. அவருக்கு இருந்தது 20 வருஷ சுகர், கொஞ்சம் தொப்பை, அப்புறம் 'ஃபேட்டி லிவர்'னு எழுதின பழைய ஸ்கேன் ரிப்போர்ட். "இது எல்லாருக்கும் இருக்கு சார்"னு ஸ்கேன் எடுத்த இடத்துல சொன்னாங்களாம். ரிப்போர்ட் பீரோவுக்குள்ள போயிடுச்சு. ஆறு வருஷம். கொழுப்பு படிஞ்ச கல்லீரல் மெதுவா தழும்பேறி, அதுக்குள்ள கட்டி வளர்ந்திருக்கு. வலியே இல்ல. வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல 4.5 சென்டிமீட்டர்ல மாட்டுச்சு.

சர்ஜன்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "சக்சஸ் ரேட் எவ்வளவு டாக்டர்?" என்ஜினியர் புத்தி, நம்பர் வேணும். அவர் சி.டி. படத்தை எங்க பக்கம் திருப்பினாரு. "எவ்வளவு வெட்டுவீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க தம்பி. எவ்வளவு மிச்சம் இருக்கும்னுதான் நான் கணக்குப் போடணும்."

கல்லீரல் திரும்ப வளரும்னு நமக்குத் தெரியும். ஆரோக்கியமான கல்லீரல்னா 70 சதவீதம் வரைக்கும் எடுத்தாலும், மீதி தாக்குப்பிடிச்சு சில மாசத்துல ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துடும். தழும்பேறின கல்லீரல் அப்படி வளராது. அதுல குறைஞ்சது 40 சதவீதமாவது மிச்சம் இருக்கணும்கிறாங்க. இல்லன்னா கட்டி போயிருக்கும், ஆனா மஞ்சள் காமாலை, வயித்துல நீர்னு கல்லீரலே கைவிட்டுடும். மாமாவுக்கு வலது பக்கம் முழுசா எடுத்தா 35தான் மிஞ்சும். 1950-கள்ல குய்னோன்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன், ரத்தக்குழாய் பிரியற விதத்தை வச்சு கல்லீரலை 8 பகுதியா பிரிச்சுக் காட்டினாரு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரத்த ஓட்டம். அதனால வலது பக்கத்தோட பின்பகுதியை, அதாவது 6, 7 ரெண்டை மட்டும் தனியா எடுத்தாங்க.

மாற்று கல்லீரல் வச்சிடலாமேன்னு அத்தை கேட்டாங்க. கேள்வி சரிதான். 1996-ல இத்தாலியில மஸ்ஸஃபெரோ டீம் ஒரு அளவுகோல் சொன்னாங்க: ஒரே கட்டின்னா 5 செ.மீ.க்குள்ள, இல்லன்னா 3 கட்டி வரைக்கும், ஒவ்வொண்ணும் 3 செ.மீ.க்குள்ள. அந்த மாதிரி ஆளுங்களுக்கு மாற்று வச்சப்ப 4 வருஷம் கழிச்சு 75 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. தழும்பேறின கல்லீரலும் சேர்ந்தே போயிடுதுங்கிறதுதான் அதுல லாபம். ஆனா கொடுக்க ஆள் வேணும். மாமாவோட கல்லீரல் இன்னும் ஓரளவு வேலை செஞ்சதால வெட்டி எடுக்கறதுன்னு முடிவாச்சு.

ஒரு சின்ன கிளைக்கதை. தாம்பரத்துல மின்சார ரயில் ஏறினா சானடோரியத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால வந்த பேரு. அந்த கம்பெனி பேர்ல இருக்கற சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோட்டுலதான் டாக்டர் முகமது ரேலாவோட ஆஸ்பத்திரி 2018-ல வந்துச்சு. ஸ்டான்லியில படிச்சவர். 1997-ல லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில, பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு மாற்று கல்லீரல் வச்சவர். நான் ஸ்கூல் படிக்கும்போது தோல் ஷாப்புக்குப் பேர் போன ஊரு, இப்ப கல்லீரலுக்குன்னு தேடி வர்ற ஊரு.

மாமா ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாரு. அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாங்க. நான் அடுத்த நம்பரைத் தேடினேன். சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல வெட்டினா பாதிக்கு மேல 5 வருஷத்தைத் தாண்டிடறாங்க. ஆனா அதே 5 வருஷத்துக்குள்ள 70 சதவீதம் பேர் வரைக்கும் கட்டி திரும்ப வருது. பக்-ஐ ஃபிக்ஸ் பண்ணியாச்சு, ஆனா அது முளைச்ச பழைய கோட் அப்படியே உள்ள இருக்கு. அதனால மூணு நாலு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், ரத்தத்துல ஏ.எஃப்.பி.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?"ன்னு போன ஸ்கேனுக்கு மாமா வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். அத்தை வேற கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துட்டு இருந்தாங்க. அதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1988-ல சென்னையில தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின புளூம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி அந்த வைரஸை விரட்டுதுன்னு லான்செட்ல எழுதினாங்க. பின்னாடி மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப அந்த ரிசல்ட் வரல. மாமாவுக்கு அந்த வைரஸே இல்லங்கிறது வேற விஷயம். அத்தைகிட்ட இதைச் சொல்லி நான் ஜெயிக்கல.

கடைசியில சண்டை போட்டுத்தான் வண்டியில ஏத்தினேன். 1.6 சென்டிமீட்டர். புது இடம். ஊசி வழியா சூடு வச்சு எரிச்சாங்க, மறுநாளே வீடு. ஆறு மாசம் தள்ளிப் போட்டிருந்தா ஊசியில முடிஞ்சிருக்குமான்னு கேட்டேன். டாக்டர் பதில் சொல்லல.

போன வருஷம் கம்பெனி செக்கப்புல என் ரிப்போர்ட்டுலயும் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'ன்னு இருந்துச்சு. எனக்கு வயசு 28. பி.டி.எஃப்.-ஐ மூடிட்டு பிரியாணி ஆர்டர் பண்ணவன் நான். நேத்துதான் தேடி எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. மாமாவுக்கு அடுத்த ஸ்கேன் மூணு மாசத்துல. இந்த தடவை அவரே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காரு.