மலை ஏறும் முன் ஹேங்கரைப் பாருங்கள்



வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் வந்து, கணியம்பாடியில் அமிர்திப் பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரம் வந்துவிடும். கியர் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இது நல்ல பாதை. ஏற்றம் வந்ததும் கை தானாகவே கியரைக் குறைக்கும், செயின் பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். அந்தப் பல்சக்கரம்தான் ஆரக்கம்பிகளுக்கு மிக நெருக்கமானது. பாதுகாப்பான இடைவெளி விரல் தடிமன்கூட இருக்காது. செயினை நகர்த்தும் கருவியான டிரெய்லியர் உள்பக்கம் சற்றே சாய்ந்திருந்தால், கம்பிகளுக்குள் புகுந்துவிடும். சக்கரம் அதைச் சுருட்டி இழுக்கும். கம்பிகள் அறுந்து, டிரெய்லியர் முறிந்து, ஆளும் விழலாம். சமதரையில் ஒரு குறையும் காட்டாத சைக்கிள் ஏற்றத்தில் இப்படிக் கைவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரு சின்னத் துண்டுதான் காரணம். அதன் பெயர் ஹேங்கர்.

பின்சக்கர அச்சுக்கு வலப்புறம், சட்டத்தோடு சிறு போல்ட்டால் பிடித்திருக்கும் அலுமினியத் துண்டு அது. டிரெய்லியர் அதில்தான் தொங்குகிறது. வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். வீட்டு மின்பெட்டியில் பியூஸ் கம்பி செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அடி விழுந்தால் தான் வளைந்தோ முறிந்தோ போய், விலை கூடிய சட்டத்தைக் காப்பாற்றும்.

நம் ஊர்களில் ஆண்டாண்டுகளாக ஓடிய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களில் இந்தத் துண்டே கிடையாது. மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளிலும் இல்லை. அதனால், சக்கரத்தில் பெண்டு எடுப்பதில் கைதேர்ந்த பெரியவர்கள்கூட கியர் சரியாக விழவில்லை என்றால் முதலில் கேபிளைத்தான் திருகுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கியர் வண்டிகளிலும் பழைய காலத்தில் நெம்புகோலைக் கையால் மெல்ல நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தில் விடுவார்கள். ஹேங்கர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கையே ஈடுகட்டிவிடும். 1984இல் ஷிமானோ நிறுவனம் சொடுக்குக்கு ஒரு பல்சக்கரம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன்பிறகு கோணலுக்கு இடமில்லாமல் போயிற்று. ஏழு பல்சக்கர வண்டியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 5 மில்லிமீட்டர், பத்து என்றால் ஏறத்தாழ 4. இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே செயின் தத்தளிக்கும்.

வளைந்திருக்கிறதா என்று பார்க்க, செயினை மிகச் சிறிய பல்சக்கரத்தில் விட்டு, வண்டிக்கு நேர் பின்னால் குனிந்து பாருங்கள். டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலிருக்கும் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் கம்பிகள் பக்கம் ஒதுங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வலப்பக்கம் விழுந்த வண்டி, பேருந்தில் மூட்டைகளுக்கு அடியில் வந்த வண்டி, ஸ்டாண்டில் வரிசையாகச் சரிந்த வண்டி, இவற்றையெல்லாம் கட்டாயம் பாருங்கள்.

மாற்றுவது கடினமில்லை. செயினை அறுக்க வேண்டாம், கேபிளைக் கழற்றவும் வேண்டாம். 5 மில்லிமீட்டர் அலன் கீ கொண்டு டிரெய்லியரை ஹேங்கரிலிருந்து கழற்றித் தொங்கவிடுங்கள். பின்சக்கரத்தை எடுத்து, ஹேங்கரின் சிறு போல்ட்டைக் கழற்றுங்கள். இங்கே நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது, புதியது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடையுங்கள் என்பதே. ஒட்டியிருக்கும் மண்ணும் பெயிண்ட் திட்டும் புதிய ஹேங்கரையே கோணலாக உட்கார வைத்துவிடும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். வண்டிக்கு வண்டி வடிவம் வேறு. பழைய துண்டைக் கையில் வைத்து, துளைகளின் இடமும் விளிம்பின் வளைவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஸ்ராம் நிறுவனம் 2019இல் எல்லாச் சட்டத்துக்கும் பொதுவான ஒரு ஹேங்கரை அறிமுகம் செய்தது. ஆனால் அதற்கென்று வடிவமைத்த சட்டத்தில்தான் அது பொருந்தும்.

புதிது என்பதாலேயே நேராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதைப் பொருத்தி, பின்சக்கரத்தைத் திரும்ப மாட்டிய பிறகு சோதிக்க ஒரு கருவி உண்டு. ஹேங்கரின் மரையில் முறுக்கி, அதன் நீண்ட கையை ரிம் வரை நீட்டி, மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியை அளப்பார்கள். கருவியோடு சக்கரத்தையும் சுற்றி, எப்போதும் வால்வுக்குப் பக்கத்திலேயே அளந்தால், ரிம்மின் கோணல் நம்மை ஏமாற்றாது. வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான அளவு. பல்சக்கரம் அதிகமுள்ள வண்டிக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹேங்கரின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி. க்விக்-ரிலீஸ் வைத்த பல பின்சக்கரங்களின் அச்சு மரையும் அதே அளவுதான். நண்பரிடம் அப்படியொரு சக்கரம் வாங்கி, நடுக்கம்பியை உருவிவிட்டு, அச்சின் நுனியை ஹேங்கரில் விரலாலேயே முறுக்குங்கள். இப்போது இரண்டு சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கும் ரிம்முக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஸ்கேலால் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல நெம்பலாம். ரோட்ஸ்டர் சக்கரத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதன் அச்சு அங்குல மரை. ஏறுவது போலத் தோன்றி, மென்மையான மரையை அரைத்துவிடும்.

நெம்புவது கொஞ்சம் கொஞ்சமாக இருக்கட்டும். அலுமினியத்தை முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நன்றாக வளைந்த ஹேங்கரை நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன், மலைப்பாதைக்கு நிச்சயமாகக் கூடாது. மலிவான கியர் வண்டிகளில் அச்சு நட்டோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தகடு ஹேங்கராக இருக்கும். அதை நிமிர்த்தலாம்.

டிரெய்லியரைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகள் விரலால்தான். பிறகு வண்டியைத் திண்ணை உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, பெடலைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டிரெய்லியர் கம்பியைத் தொடக் கூடாது. எல் என்று குறித்த திருகை வலமாக முறுக்கினால் டிரெய்லியர் உள்ளே போகும் எல்லை குறையும். ஹேங்கர் நேரான பிறகுதான் இந்தத் திருகைத் தொட வேண்டும்.

வண்டியைக் கீழே சாய்க்க நேர்ந்தால் இடப்பக்கமாகவே சாயுங்கள். அமிர்திப் பக்கம் போகிறவர்கள் இருக்கைப் பையில் உதிரி ஹேங்கர் ஒன்றை, அதன் போல்ட்டோடும் அதற்குப் பொருந்தும் அலன் கீயோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.