ஆற்றுக்குள் வரும் வழிகள்



தலைமை உரையில் துறை முழுவதையும் ஒரு வலம் வருவது வழக்கம். நான் பெரும்பாலும் ஒரே ஆற்றங்கரையில் நின்று பேச விரும்புகிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓடும் கேப் ஃபியர் ஆறு அது. பி.எஃப்.ஏ.எஸ். என்று நாம் சுருக்கமாகச் சொல்லும், எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள் எப்படிப் பரவுகின்றன என்பதை இந்த அளவுக்கு வெளிப்படையாகக் காட்டிய ஆறுகள் மிகக் குறைவு.

ஃபேயட்வில் நகருக்குக் கீழே, ஆற்றோரத்தில் ஒரு ரசாயன ஆலை இருக்கிறது. முன்பு டூபாண்ட் நடத்தியது. 2015 முதல் கெமூர்ஸ் வசம் உள்ளது. இவ்வகைச் சேர்மங்களில் ஆபத்தானது என்று தெரியவந்த பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாக ‘ஜென்எக்ஸ்’ அங்கே தயாரானது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வில்மிங்டன் நகரம் அதே நீரைத்தான் குடிக்கிறது. டெட்லெஃப் நாப்பேயும் உடன் ஆய்வாளர்களும் 2016 நவம்பரில் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆலைக்குக் கீழே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்த ஆற்றுநீரில் ஜென்எக்ஸ் சராசரியாக லிட்டருக்கு 631 நானோகிராம் இருந்தது. வழக்கமான சுத்திகரிப்பு, ஓசோன், குளோரின் எல்லாவற்றையும் அது தாண்டிப் போனது. ஊர் மக்களுக்கு இது பரவலாகத் தெரிந்தது 2017 ஜூனில், ‘ஸ்டார்நியூஸ்’ நாளிதழ் எழுதிய பிறகு. ஆய்வேட்டில் அச்சான எண் குடிப்பவரின் காதுக்கு எட்ட ஏழு மாதம் ஆனது. அறிவியலாளர்களாகிய நாம் இதைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

ஏன் தாண்டிப் போகிறது? கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலிமையான பிணைப்புகளில் ஒன்று. நுண்ணுயிர்கள் அதை எளிதில் உடைப்பதில்லை. ஆற்றின் மேல் விழும் வெயிலாலும் அது முடிவதில்லை. மூலக்கூறின் மறுமுனையோ மின்சுமை ஏறி நீரில் நன்றாகக் கரைந்து நிற்கிறது. நீண்ட சங்கிலி உடையவை வண்டலிலும் மீன்களிலும் தங்குகின்றன. குறுகிய சங்கிலி உடையவை நீர் போகுமிடமெல்லாம் போகின்றன. ‘பாதுகாப்பான மாற்று’ என்று கொண்டுவரப்பட்டவற்றில் பல இந்தக் குறுகிய வகை. கிளர்வுற்ற கரிகூட அவற்றை நீண்ட வகையைப் போலப் பிடித்து வைப்பதில்லை.

ஆலை தன் கழிவுநீரை நிறுத்தியதும் ஆற்றில் ஜென்எக்ஸ் அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. இன்றைய என் பேச்சின் மையம் இதுதான். கழிவுநீர்க் குழாய் அடைபட்டும் ஆற்றுக்குள் அது வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து? புகைபோக்கி வழியே வெளியேறிய ஆவி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகி, மழையோடு வயல்களிலும் தோப்புகளிலும் இறங்கியது. மணற்பாங்கான மண்ணில் ஊறி நிலத்தடி நீரைச் சேர்ந்தது. ஆற்றிலிருந்து ஒரு சொட்டும் எடுக்காத வீடுகளின் கிணறுகள் ஆயிரக்கணக்கில் மாசுபட்டன. அந்த நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிந்து மறுபடி ஆற்றிலேயே கலந்தது. 2019இல் மாநில அரசு, ஆற்றுக் காவல் அமைப்பு, நிறுவனம் ஆகிய மூன்றும் ஏற்ற நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின் ஆவியை எரிக்கும் உலை வந்தது. நிலத்தடி நீரை மறிக்கப் பூமிக்குள் சுவர் எழுப்பப்பட்டது. வில்மிங்டன் தன் செலவில் கரி வடிகட்டிகள் அமைத்து 2022இல் இயக்கத் தொடங்கியது. அந்தச் செலவு குடிநீர்க் கட்டணத்தில் ஏறியது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு பாடமும் அங்கேயே கிடைத்தது. வில்மிங்டன் மக்களின் ரத்தத்தை 2017–18இல் சோதித்தபோது ஜென்எக்ஸ் தென்படவில்லை. பெயரே அதிகம் கேள்விப்படாத ஒரு துணை விளைபொருள், ‘நாஃபியான் பைப்ராடக்ட் 2’, ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. தேடியதைக் காணோம், தேடாதது இருந்தது. நம் ஆய்வகங்கள் இருபது முப்பது சேர்மங்களின் பட்டியலை வைத்து அளந்துவிட்டு “கண்டறியப்படவில்லை” என்று எழுதும்போது எனக்கு இந்த முடிவு நினைவுக்கு வருகிறது. கழிவுநீர் நிலையங்களிலும் இதே சிக்கல்: உள்ளே வரும் முன்னோடிச் சேர்மங்கள் அங்கே உருமாறுவதால், வெளியேறும் நீரில் பி.எஃப்.ஓ.ஏ. கூடியிருப்பதும் உண்டு.

ஆறு கடலில் சேர்ந்தால் விஷயம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் இச்சேர்மங்களைச் செறிவாக ஏந்திக் காற்றோடு கரைக்குத் திரும்புகின்றன என்று ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் பெரும் நிலப்பரப்பின் நீரைக் கெடுத்த மிட்டேனி ஆலை 2018இல் திவாலானது. 2025இல் வீசென்சா நீதிமன்றம் அதன் தொடர்பில் அதிகாரிகள் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்குள் அந்த ஆலையின் இயந்திரங்கள் ஏலத்தில் விலைபோய், மகாராஷ்டிரத்தின் லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்திருந்தன. பரவுதல் என்று நாம் பேசும்போது கப்பலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீர் ஒட்டாத துணிக்கும் தோலுக்கும் ஃபுளூரின் பூச்சு பயன்படுவது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். நொய்யலும் பாலாறும் எந்தத் தொழில்களின் ஓரமாக ஓடுகின்றன என்பதும் தெரியும்.

ஆகவே இந்த அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்களிடம் சில கோரிக்கைகள். ஆற்றுநீரை எடுத்த அன்றே பக்கத்துக் கிணற்றையும், மழை பெய்தால் மழையையும் எடுங்கள். தனிச் சேர்மங்களின் பட்டியலோடு மொத்தக் கரிம ஃபுளூரினையும் அளந்து, இரண்டுக்கும் இடையே விடுபடும் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அமெரிக்கா 2024இல் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு வகுத்தது. உங்கள் கருவியால் அவ்வளவு நுண்ணியதாக அளக்க முடியுமா என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குடிநீரில் கண்டதை, கட்டுரை அச்சாகும்வரை காத்திராமல், அந்த நீரைக் குடிக்கும் ஊருக்குத் தெரிவியுங்கள்.

பிற்பகல் கலந்துரையாடலில், ஆலைகள் எதை வெளியேற்றுகின்றன என்பதை உரிமம் பெறும்போதே பெயர் பெயராக அறிவிக்கச் செய்யும் வரைவுத் தீர்மானம் ஒன்றை அவையின் முன் வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.