சந்தேகமும் ஒட்டுக்கேட்பும்



கணவருக்கு நள்ளிரவிலும் அழைப்பு வருகிறது. அவர் வெளியே சென்று பேசுகிறார். மனைவிக்குச் சந்தேகம். அவருடைய கைத்தொலைபேசியில் உளவுச் செயலி ஒன்றை ரகசியமாக ஏற்றி, பேச்சைப் பதிவு செய்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நினைக்கிறார். இதே எண்ணம் கணவருக்கும் வரலாம். ஆனால், திருமணச் சான்றிதழ் ஒட்டுக்கேட்க வழங்கப்பட்ட அனுமதி அல்ல.

மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆவது பிரிவு, சட்டப்படியான அதிகாரமின்றிப் பிறர் உரையாடலை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. துப்பறிவாளரை வைத்துச் செய்வதும், அப்படிக் கிடைத்தது என்று தெரிந்தே பிறருக்கு வெளியிடுவதும் குற்றம். ஆகவே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் ஆபத்துதான். செயலியை ஏற்றியதற்காக 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டமும் பாயலாம்.

வழக்குக்குத் தொடர்புடைய ஆதாரம் என்றால், அது கிடைத்த வழி தவறானாலும் நீதிமன்றம் அதை ஏற்கலாம். ஆனால் ஆதாரம் ஏற்கப்பட்டது என்பதற்காக, அதை எடுத்தவரின் குற்றம் மறைந்துவிடாது.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தில், மணமுறிவைக் காட்டக் கள்ளத்தொடர்பு ஒன்றே வழியன்று. சகிக்க முடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிடல், இரண்டாண்டு பிரிந்து வாழ்தல் ஆகியவையும் உண்டு. இருவரும் இணங்கினால் கூட்டு மனுவும் செய்யலாம்.

எனவே, செயலியைத் தேடுவதற்கு முன் வழக்கறிஞரைத் தேடுங்கள். வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். நியாயம் கேட்கப் போகிறவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கூடாது.