புகையைப் பிடிக்கும் திரவம்
(மேச்சேரியில் பேசியது)



நாம் இங்கு வந்து இறங்கியதும் ஒரு தோழர், "மேட்டூர் அனல் மின்நிலையத்துப் புகையை ஏதோ திரவத்தில் கரைத்துப் பிடித்துவிடலாமாமே, மெய்தானா?" என்று கேட்டார். மெய்தான். ஆனால் எவ்வளவு மெய் என்பதைக் கணக்குப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண்ணில் விழுகிற சாம்பல் வேறு. நாம் பேசப்போகும் கரியமில வாயு வேறு. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் குழல் விட்டு ஊதுங்கள், பால் போல் வெளுக்கும். உங்கள் மூச்சிலிருக்கும் அந்த வாயுதான் காரணம். பூமியைச் சூடாக்குவதும் அதுவே.

உங்கள் மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு நல்ல பேர் உண்டல்லவா? தோலைக் காய்ச்சினால் வருகிற வஜ்ஜிரத்தை அமிலத்தோடு கொதிக்க வைத்து, 1820ல் பிராகோனோ என்ற பிரெஞ்சுக்காரர் இனிப்பான ஒரு பொருளைக் கண்டார். அதுதான் கிளைசின், அமினோ அமிலங்களில் எல்லாம் சிறியது. (இன்று அதை ஆலையில் ரசாயனமாகவே செய்கிறார்கள், ஆடுகள் பயப்பட வேண்டாம்.) இதைப் பொட்டாஷ் காரத்தோடு தண்ணீரில் கரைத்து, ஆறின புகையை அதன் வழியே விட்டால், கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் விட்டுவிடும். வாயு தனியே போகும். திரவம் மறுபடியும் வேலைக்கு வரும். சாதாரண அமின் திரவங்கள் கொஞ்சம் கொஞ்சமாய் ஆவியாகிப் புகையோடு போய்விடுகின்றன. அமினோ அமிலம் உப்பாக இருப்பதால் அப்படிப் போவதில்லை. 1930களிலேயே ஜெர்மனியில் இவ்வகை உப்புக்களால் வாயுக்களைச் சுத்தம் செய்தார்கள்.

அப்படியானால் ஏன் எங்கும் வைக்கவில்லை என்பீர்கள். சூடாக்க நீராவி வேண்டும். மின்நிலையம் உண்டாக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். புகையிலுள்ள கந்தக வாயுவையும் முன்னதாக நீக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவம் கெட்டுப்போகும்.

நம் நாட்டிலேயே தூத்துக்குடி ஆல்கலி ஆலையில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரு வாலிபர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் கம்பெனியார், 2016ல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வருஷத்திற்கு 60,000 டன் பிடிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அங்கே ஊற்றினது அமினும் உப்பும் கலந்த திரவம். நம் அமினோ அமிலத்திற்கு அது பங்காளி முறை. பிடித்த வாயுவில் சோடா செய்தார்கள். கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் மேட்டூர் நிலையத்தின் சக்தி 1,440 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் ஒரு கிலோ வாயு என்று வையுங்கள். முழு வேகத்தில் ஓடினால், தூத்துக்குடியில் ஒரு வருஷம் பிடிப்பதை மேட்டூர் இரண்டே நாளில் வெளியே விட்டுவிடும்! தவிரவும், அந்தச் சோடாவைக் கண்ணாடி ஆலையில் உருக்கினாலும், பலகாரத்தில் போட்டு வேக வைத்தாலும், உள்ளேயிருந்த வாயு திரும்பக் காற்றுக்கே வந்து சேரும். பூமிக்கடியில் பாறைக்குள் இறக்கி மூடினாலொழிய அதைப் பிடித்ததாகச் சொல்ல முடியாது.

ஆகவே நாளை யாராவது, "மேட்டூரில் திரவம் வைக்கப் போகிறோம்" என்று வந்தால், எத்தனை டன் பிடிப்பாய், நீராவிக்கு எவ்வளவு கரி கூட எரிப்பாய், பிடித்ததை எங்கே வைப்பாய் என்ற மூன்றையும் கேளுங்கள். வயலில் விழுகிற சாம்பலுக்கு இந்தத் திரவம் மருந்தல்ல. அதற்குச் சாம்பலைப் பிடிக்கிற மின்சாரக் கருவி வேறு இருக்கிறது. அது சரியாய் ஓடுகிறதா என்று கேட்பதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டியதில்லை.