மூட்டு வைத்தியமும் மன தைரியமும்

(தூத்துக்குடிக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



மூட்டு மாற்றும் ஆப்பரேஷனைப் பற்றிப் பேச வந்த நாம் முத்துக் குளிப்பில் ஆரம்பிப்பது உங்களுக்கு வேடிக்கையாயிருக்கலாம். 1961-ம் வருஷத்தோடு இங்கு முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. அதற்கு முந்திய காலத்தில் "கடல் கட்டி" என்பதாக ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவாராம். அவர் வராவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். இலங்கைக் கரையில் வெள்ளைக்கார சர்க்காரே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சுறாவுக்கு மந்திரம் தெரியுமா, தோழர்களே? கட்டுண்டது மனிதனுடைய பயந்தான். பயத்துக்குச் சரீரத்தின்மேல் உள்ள அதிகாரத்தை மந்திரக்காரன் கண்டுகொண்டான். நம்மில் படித்தவர்கள் பலர் இன்னும் காணவில்லை.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் பாடுபட்டு முழங்கால் தேய்ந்தவர்கள் இங்கே அநேகர். தேய்ந்த இடத்தை அறுத்தெடுத்து உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். நல்ல வைத்தியம்தான். ஆயினும் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லையென்று பல தேசத்து டாக்டர்களும் கண்டிருக்கிறார்கள். முன்பே மனச்சோர்வும் கவலையும் உள்ளவர்களுக்குப் பின்னால் நோவு அதிகம் என்பதும் அவர்கள் கண்டதே.

காரணம் என்ன? புது மூட்டு தானாக மடங்காது. ஆப்பரேஷனான மறுநாளே எழுந்து நடக்கவும் மடக்கவும் பழக வேண்டும். பயந்தவன் மடக்கமாட்டான், மடக்காத மூட்டு இறுகும், இறுகினால் இன்னும் நோகும், தூக்கம் போகும். இந்தச் சமயத்தில் உறவினர்கள் வந்து, "ஏழரைச் சனி, பூர்வ ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். எல்லாம் விதியென்று நம்பினவன் காலை ஏன் மடக்கப் போகிறான்?

இதைக் கேட்டுக்கொண்டு, "நோவெல்லாம் உன் மனதில்தான்" என்று நோயாளியை யாரும் அதட்டக்கூடாது. மனச்சோர்வு மூளையின் வழியாக நோவை நிஜமாகவே பெருக்குகிறது. காய்ச்சலோ, காயத்தில் சீழோ, கெண்டைக்கால் வீக்கமோ கண்டால் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மனதுக்கு வைத்தியம் என்றதும், "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்கள். இந்த வெட்கம் சாமானியமானதல்ல. இதே கடற்கரையில் ஏர்வாடியில், வழிபாட்டால் குணமாகுமென்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டார்கள்.

ஆகவே ஆப்பரேஷனுக்கு முன்பே, "தூக்கமில்லை, அழுகை வருகிறது, பயமாயிருக்கிறது" என்று டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். எத்தனை நாள் நோவு இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 14416 என்ற டெலிபோன் நம்பரில் எந்நேரமும் இலவசமாக மன ஆலோசனை சொல்லுகிறார்கள். 2021-ல் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி தருவதும் உண்டு. உங்கள் மாமியாருக்கு மூட்டு மாற்றியிருந்தால், மந்திரித்த கயிறு வாங்கப் போகும் நேரத்தில் அவர் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போங்கள்.