கெண்டை மீனுக்கு மீன்தூள் எதுக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மீன் வளர்க்கணும்னு இந்த வருஷம் கடன் கேட்டு எழுதிக் கொடுத்த குழுக்களோட தாள்களை நானும் வாசிச்சேன். எல்லாத்திலயும் பெரிய தொகை தீனிக்குத்தான். அதிலயும் பாதிப் பேர் மீன்தூள் கலந்த கம்பெனித் தீனின்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் பட்டதைக் கேட்டுக்கோங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

மீன்தூள்னா சாளை மாதிரி சின்ன மீன்களை வேகவெச்சு, பிழிஞ்சு, காயவெச்சு அரைக்கிறது. நாலஞ்சு கிலோ பச்சை மீன் போட்டாத்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். நூத்துக்கு 60 பங்கு புரதம், சத்துல குறை சொல்ல முடியாது. ஆனா கடல் நம்ம கணக்குப்படி கொடுக்காது. கேரளாவில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைச்சது. 2021-ல் 3,297 டன். உலகத்துக்கே மீன்தூள் அனுப்புற பெரு நாட்டில் 2023-ம் வருஷம் முதல் பருவத்து நெத்திலிப் பிடிப்பையே ரத்து பண்ணினாங்க. அங்க வலை இறங்கலைன்னா இங்க மூட்டை விலை ஏறுது.

விராலுக்கோ இறாலுக்கோ இதெல்லாம் தேவைப்படும். அதுக மாமிசம் தேடுற சாதி. நம்ம கம்மாயிலயும் குட்டையிலயும் விடுறது கட்லா, ரோகு, மிர்கால். மேல்தண்ணியில கட்லா, நடுவில ரோகு, அடியில மிர்கால்னு பங்கு போட்டு மேயும். சாணி கரைச்சு ஊத்தினா தண்ணி பச்சை கட்டும், அதுலயே பாதி வயிறு நிறைஞ்சிரும். தீனியில நூத்துக்கு 25, 30 பங்கு புரதம் இருந்தாப் போதும். கடலைப் புண்ணாக்கில் 40-க்கு மேல, தவிட்டில் 12 வாக்கில். சரிபாதி கலந்தா 26, 27 வந்திருச்சு. நாட்டுல ரொம்ப காலமா கெண்டைக்குப் போட்டு வர்ற தீனி இதுதான்.

ஆனா கடலைப் புண்ணாக்கு மட்டும் போட்டா ஒரு குறை உண்டு. புரதம்ங்கிறது ஒரே சாமான் இல்ல, பல துண்டு சேர்ந்தது. லைசின், மெத்தியோனின்னு ரெண்டு துண்டு கடலையில கம்மி. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய, லைசின் இல்ல. சோயாவில் லைசின் இருக்கு. நாம அரிசியோட உளுந்து சேர்த்து இட்லி சுடுறோமே, ஒண்ணுல இல்லாததை இன்னொண்ணு கொடுக்கும், அதே கதைதான். சோயாவைப் பச்சையாப் போடாதீங்க, செரிக்கவிடாத பொருள் ஒண்ணு அதில் இருக்கு. வறுத்தோ வேகவெச்சோ போட்டா அது போயிரும்.

இப்ப என் நஷ்டத்தைச் சொல்றேன். ரெண்டாவது வருஷம், ஐப்பசி அடைமழையில, கொஞ்சம் விலை குறைச்சுக் கிடைச்சதுன்னு ஒரு கடையில மூட்டைக் கணக்குல கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போட்டேன். உடைச்சா உள்ளே பச்சையாப் பூசணம். தட்டி விட்டுட்டு ஊறவெச்சேன். மீனுக்குத்தானேன்னு நினைச்சேன். மீன் சாகல, ஆனா வளரவும் இல்ல. பங்குனியில வலை போட்டப்போ முக்கால் கிலோ இருக்கவேண்டியது கால் கிலோ. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்குத் தாங்கல. தவணை கட்டக் காதுல கிடந்தது போச்சு.

அந்தப் பூசணத்தோட விஷத்துக்கு அஃப்ளாடாக்சின்னு பேரு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக்கு மேல செத்துப்போனதுக்குக் காரணம் தேடினப்போ, தீனியில கலந்த கடலைப் புண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க. கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் முழுசாப் போகாது. அதனால மழைக்காலத்துக்கு மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. வாரத்துக்கு வாரம் வாங்குங்க, உடைச்சுப் பாருங்க, முகர்ந்து பாருங்க.

நம்ம ஊரு பஞ்சு ஊரு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு சுலபமாக் கிடைக்கும். மாடு தின்னும், அசைபோடுற வயிறு அதுல இருக்கிற காசிப்பால்ங்கிற நஞ்சைத் தாங்கிக்கிடும். மீனுக்கு அந்த வயிறு இல்ல. நான் பத்துல ஒரு பங்குக்கு மேல சேர்க்கிறதில்ல. இலுப்பைப் புண்ணாக்கு பக்கமே போகாதீங்க. குஞ்சு விடுறதுக்கு முன்னாடி குட்டையில கிடக்கிற விராலையும் கெளுத்தியையும் கொல்றதுக்குத்தான் அதைப் போடுவாங்க. அந்த வேகம் அடங்க ரெண்டு மூணு வாரம் ஆகும்.

அசோலா போட்டாப் போதும், செலவே இல்லைன்னு பயிற்சியில சொன்னாங்களேன்னு கேப்பீங்க. நானும் தொட்டி கட்டினேன். பத்து கிலோ பச்சை அசோலா காய்ஞ்சா அரைக் கிலோ, முக்கால் கிலோதான் நிக்கும். மீதி எல்லாம் தண்ணி. புல்கெண்டை ஆசையாத் தின்னும். துணைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது.

இன்னொண்ணும் மறைக்கக்கூடாது. புண்ணாக்கும் சும்மா கிடைக்கல. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமைதான். அந்தப் பாலைக் கறக்குற மாடும் இதே புண்ணாக்கைத்தான் கேக்குது. நம்ம குழுவிலயே ஒருத்தி மாட்டுக்கு வாங்குறா, ஒருத்தி மீனுக்கு வாங்குறா, ரெண்டு பேரும் தனித்தனியாப் போய் சில்லறை விலை கொடுக்குறோம். கூட்டமைப்பு பேர்ல செக்குக்காரங்ககிட்ட நேராப் பேசி, வாராவாரம் இவ்வளவுன்னு எடுத்தா என்ன?

வாங்கினதையும் வீணாக்கக்கூடாது. அள்ளி வீசினா பாதி சேத்துக்குப் போகும், அழுகும், விடியக்காலையில மீன் மேல வந்து வாயைத் திறக்கும். ஆந்திராவில் கொல்லேறு பக்கம் சாக்கில் ஓட்டை போட்டு, தீனியை நிரப்பி, கம்பு நட்டுக் கட்டித் தொங்கவிடுறாங்க. மீனே வந்து முட்டி முட்டித் தின்னுது. மிச்சம் இருந்தா மறுநாள் குறைச்சுக்கலாம். நான் ஆறு சாக்கு கட்டியிருக்கேன்.

விரால் வளர்க்கப்போறவங்க தாளை அப்படியே விடுங்க. கெண்டை விடுறவங்க, தீனித் தொகையை மறுபடி போட்டு எழுதிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தில் உக்காந்து கணக்குப் பார்ப்போம். சாக்கு கட்டுறதைப் பாக்கணும்னா வெயில் ஏறினப்புறம் ஒன்பது மணி வாக்கில் குட்டைக்கு வாங்க, அப்பத்தான் தீனி வைப்பேன்.